நல்லெண்ணக் கைதிகள்

காவலில் உள்ள ஒருவரை விடுவிப்பது எப்போது நீதியாகிறது, எப்போது அன்பளிப்பாகிறது என்னும் கேள்வி, பாக் நீரிணையில் தொழில் செய்யும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகு மீனவர்களுக்கு ஏட்டளவில் நிற்பதில்லை. 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பமிட்ட உடன்படிக்கை வரைந்த கடலெல்லையைத் தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை அவர்களைப் பிடிக்கிறது. நீதிமன்றம் காவலில் வைக்கிறது. சிலவேளை, இரு தலைநகரங்களுக்கும் உகந்த நாளொன்றில் கதவு திறக்கிறது. 2014 மே மாதம் நரேந்திர மோடியின் பதவியேற்புக்கு வருமுன் மகிந்த ராஜபக்ச ஆணையிட்ட விடுதலையும், 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு சென்ற வேளையில் நடந்த விடுதலையும் அவ்வகையின.

இத்தகைய விடுதலைக்குச் சூட்டப்படும் பெயரான நல்லெண்ண நடவடிக்கை என்பது, கடமையில்லாத ஒன்றை உறவின் பொருட்டுச் செய்வதைக் குறிக்கும் அரசுறவுச் சொல். காவல் சட்டப்படி சரியென்றால் விடுதலையும் சட்டத்தின் கணக்குப்படி வரவேண்டும்; தவறென்றால் அன்றே விட்டிருக்க வேண்டும். விருந்தாளி வரும்வரை காத்திருக்கும் விடுதலை, மனிதரைச் சில்லறையாக முடிந்து வைத்திருந்ததையே காட்டுகிறது.

இதைக் கொழும்பிடம் அழுத்திக் கேட்க டெல்லி தயங்குவதற்கும் காரணமுண்டு. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்றது; நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021-ல் சீன நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டு, இந்தியா மறுப்புத் தெரிவித்தபின் 2022-ல் இந்திய மானியத்துக்கு மாறியது. கொழும்பை மிகையாக நெருக்கினால் அது பெய்ஜிங் பக்கம் சாயும் என்ற அச்சம் பொய்யன்று. ஆயினும் அந்த அச்சத்துக்கான வட்டியைப் படகோட்டி மட்டும் ஏன் கட்டவேண்டும் என்பதற்கு விடையில்லை.

கோட்டைப்பட்டினத்தின் வழக்கும் கறையற்றதன்று. அங்குள்ள விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகைகள் ஆழங்குறைந்த கடலின் தரையைச் சுரண்டிச் செல்கையில், இறாலோடு குஞ்சுமீனும் பாசியும் அள்ளுண்டு போகின்றன. குறுக்கே யாழ்ப்பாணத்து மீனவர் இரவில் விரித்த வலை கிடந்தால் அதுவும் கிழிந்து போகிறது. போர்க்காலத்தில் கடலுக்குள் செல்லவே தடைபட்டிருந்து, 2009-க்குப் பின் கடன்பட்டு வலை வாங்கியவர்கள் அவர்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்ததை இந்திய எதிர்ப்பாக மட்டும் படிப்பது, அந்த வலைகளைக் காண மறுப்பதாகும்.

பிடிபட்ட படகுகள் பல மயிலிட்டித் துறையில் உப்புக்காற்றில் உளுத்துக் கிடக்கின்றன. ஆட்களை விடுவிக்கும் நல்லெண்ணம் பெரும்பாலும் அவற்றை எட்டுவதில்லை. கிழிந்த வலைக்கு ஈடு எந்த அரசின் கணக்கிலும் ஏறுவதுமில்லை.