எஞ்சிய நேரத்தை நிறுக்கும் தராசு

ஒருவர் உயிர் பிழைப்பது வேறு. பிழைத்தபின் எழுந்து நடப்பதும், தம் கையால் உண்பதும், மீண்டும் தொழிலுக்குச் செல்வதும் வேறு. இவ்விரண்டாவது பணிக்கென அமைந்ததே மறுவாழ்வு மருத்துவம். 2019 ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் ஏறத்தாழ 240 கோடி மக்கள் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறத்தக்க நிலையில் இருந்தனர். ஆயினும், இத்துறை மருத்துவர்க்கு ஆராய்ச்சியின் வாசல் எளிதில் திறப்பதில்லை. பெண் மருத்துவர்க்கோ அது மேலும் குறுகிவிடுகிறது. இது அவர்தம் குறையா, அன்றி அவர்க்கு இழைக்கப்படும் அநீதியா?

முதலில் துறையின் இயல்பை நோக்குவோம். முடங்கியவரை நடக்கப் பழக்குவதன் பயனை அறிய மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். மாத்திரையைச் சோதிக்கும்போது மெய்ம்மருந்து எவருக்கு, போலி மருந்து எவருக்கு என்பதை மறைத்து வைக்கலாம்; நடைப்பயிற்சியைப் பெறுபவரிடமிருந்தே மறைப்பது எங்ஙனம்? விற்று ஆதாயம் காணும் பொருள் பெரும்பாலும் இல்லாமையால் பொருளுதவி செய்வோரும் சிலரே. நாள் முழுதும் நோயாளரோடு கழித்தபின் எஞ்சும் நேரமே ஆராய்ச்சிக்கு வாய்க்கிறது.

அந்த எஞ்சிய நேரமும் இருபாலார்க்கும் ஒன்றாக இல்லை. ஆராய்ச்சியில் காலூன்ற வேண்டிய பருவமே மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் உரிய பருவம். அமெரிக்காவில் இத்துறை மருத்துவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். எனினும் துறைச் சங்கத்தின் விருதுகளில் அவர்கள் பங்கு அதற்கு ஈடாக இல்லை என்பதை 2017 இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

“அறிவுக்கு ஆண் பெண் வேறுபாடில்லை, தரமே அளவுகோல்” என்பர் சிலர். கொள்கை நன்று. ஆனால் தட்டில் வைக்க வேண்டியதை ஆக்குவதற்கு ஒருவருக்கு அவகாசமே தராது நிறுக்கும் தராசு, தகுதியை நிறுப்பதில்லை, ஓய்வையே நிறுக்கிறது.

“மன உறுதியிருப்பின் தடையேது?” என்று வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைச் சுட்டுவோரும் உளர். 1954 இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த அப்பெருமாட்டி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். போற்றத்தக்க வாழ்வே. எனினும், அரிதான ஒருவரின் பொறுமையை எல்லார்க்கும் நுழைவுக் கட்டணமாக விதிப்பது நீதியாகுமா? ஒருவர் மதிலேறிக் குதித்தார் என்பதால் வாசலைப் பூட்டி வைப்பது முறையாகாது.

ஆராய்ச்சிக்கான பொருளும் பதவியும் அவற்றை வகிப்போரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அதில் நோயாளியின் ஹக்கும் அடங்கியுள்ளது. கேள்வி கேட்க வேண்டியவர் விலக்கப்பட்டால், அக்கேள்விக்குரிய விடையை இழப்பவர் படுக்கையில் கிடப்பவரே. ஆகவே ஆராய்ச்சி நேரத்தைப் பணி நேரத்திலேயே ஒதுக்குதலும், மகப்பேற்று ஆண்டுகளைக் கழித்துத் தகுதியை மதிப்பிடுதலும் சலுகைகள் அல்ல, கடமைகள்.

நிறுவனங்களுக்கு மட்டுமா இக்கடமை? மருத்துவம் பயிலும் மகளைக் கண்டு பெருமிதம் கொள்ளும் நாம், பட்டம் பெற்றபின் அவள் நூலோடு அமர வீட்டில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.