நோயுற்றார்க்கு நோயுற்றாரே துணை

(பௌர்ணமிக் கூட்டத்தில் நிகழ்த்திய தன்மப் பிரசங்கம்)



பகவன் புத்தர் ஒருநாள் ஆனந்தரை உடன் அழைத்துக்கொண்டு பிக்குகளின் உறைவிடங்களைப் பார்வையிட்டு வந்தார். ஓர் அறையில் வயிற்றுப்போக்கால் நலிந்த பிக்கு ஒருவர் எழுந்திருக்க வலியின்றித் தம் மலத்திலேயே கிடந்தார். அருகில் ஒருவரும் இல்லை. உம்மைக் கவனிப்பார் எவருமில்லையோ எனப் பகவன் வினவினார். இல்லை என்றார் அவர். காரணம் யாது எனக் கேட்க, தாம் மற்றப் பிக்குகளுக்கு யாதோர் உதவியும் செய்ததில்லை என்றும், ஆதலின் அவர்களும் தம்மைக் கவனிப்பதில்லை என்றும் விடையிறுத்தார். பகவன் அப்பொழுது அறவுரை ஒன்றும் பகரவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்தார். பகவன் நீரை வார்க்க, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கத்தைப் பகவனும் காற்பக்கத்தை ஆனந்தரும் தாங்கி அவரைக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டுவித்தார். வீடு துறந்து வந்த பிக்குகளுக்குப் பணிவிடை செய்யத் தாயுமில்லை, தந்தையுமில்லை. அவர்களே ஒருவரையொருவர் பேணாவிடில் வேறெவர் பேணுவர் என்று இடித்துரைத்தார். தம்மைப் பேண விரும்புவோர் நோயாளியைப் பேணக் கடவர் என்றும் விதித்தருளினார்.

இவ்வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் இதில் நோயாளி சொன்ன விடையை நாம் ஆழ்ந்து நோக்கியதில்லை. தம்மைப் பிறர் கவனியாததற்குத் தாமே காரணம் என்று அவர் எண்ணிவிட்டார். உதவி கேட்கும் உரிமை தமக்கில்லை என்று வாய்மூடிக் கிடந்தார். இன்று நம்மிடையே இருதய நோயுற்ற பலரும் அந்தப் பிக்குவைப் போலவே கிடக்கின்றனர். அவர்களைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

சில திங்களுக்கு முன் நம் சங்கத்துச் சகோதரி ஒருவருக்குத் துணையாக வைட்ஃபீல்ட் சென்றிருந்தோம். அவ்வூர் பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராச உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ-இந்தியர் தம்முள் ஒருவருக்கொருவர் ஆதரவாய்க் கூடி வாழ வேண்டுமென்று வைட் என்பார் முயன்று ஏற்படுத்திய குடியிருப்பு அது. அவர் பெயரே ஊர்ப் பெயராயிற்று. இன்று அங்கே கணினித் தொழிற் கட்டடங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றிடையே 2001-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள் திறக்கப்பெற்ற ஸ்ரீ சத்ய சாயி உயர் மருத்துவ நிலையம் இருக்கின்றது. அங்கே இருதய அறுவைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வருவோரின் சாதியும் மதமும் கேட்கப்படுவதில்லை. மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கும் அம்மருத்துவமனையின் பெயரையே இட்டிருக்கின்றனர். அதனை நிறுவியோரின் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. எனினும் தானம் எங்கே நிகழினும் அது தானமே. பிறர் சமயத்திலுள்ள நன்மையைப் போற்றுமாறு கல்லில் வெட்டுவித்த அசோக மன்னரின் வழி வந்தோமென்று சொல்லிக்கொள்ளும் நாம் இதனை மறைத்தல் தகாது.

கோலார் தங்கவயலில் நம் முன்னோர் பூமிக்கடியில் இறங்கி உழைத்தனர். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தை வளர்த்தனர். 2001 பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. அது முதல் நம் மக்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். அந்த ரயில் வைட்ஃபீல்டிலும் நிற்கின்றது. வேலைக்கு இறங்குவோருடன், மார்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவோரும் உளர்.

நாம் உடன்சென்ற சகோதரிக்கு வயது இருபத்தாறு. சிறு வயதில் அடிக்கடி தொண்டைப் புண்ணும், பின்னர் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சலும் வந்தன. கவனிப்பார் இல்லை. கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் காலத்தில் தீர்க்காவிடில் சிலருக்கு வாதக் காய்ச்சல் தோன்றி, இருதயத்தின் வால்வுகளைச் சிதைக்கும். இடநெருக்கடியும் வறுமையும் உள்ள வீடுகளையே இந்நோய் மிகுதியும் நாடும். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால் நோய் மீண்டும் தாக்காமற் காக்கலாம். இவரோ அவ்வூசியை இடையில் நிறுத்திவிட்டார். பதினெட்டாம் வயதில் சிதைந்த வால்வை எடுத்து உலோக வால்வு பொருத்தினர். உயிர் பிழைத்தது. ஆனால் வீட்டார் அதனை ஊரார் அறியாமல் மறைத்தனர். திருமணம் நடவாது என்ற அச்சமே காரணம். தழும்பு தெரியாதிருக்கக் கழுத்துயர்ந்த ரவிக்கை தைத்தனர். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லவில்லை.

அன்பர்களே, இதன் விளைவைக் கேளுங்கள். உலோக வால்வு உடையோர் இரத்தம் அதன்மேல் உறையாதிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். இரத்தம் எவ்வளவில் உறைகின்றது எனக் குறித்த காலந்தோறும் பரிசோதித்து மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டும். அம்மாத்திரைகளுட் சில கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்வன. ஆதலின் கருத்தரிக்கு முன்பே மருத்துவருடன் கலந்து ஏற்பாடு செய்தல் இன்றியமையாதது. இச்சகோதரியோ கணவன் கண்ணிற் படாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைத்து உண்டார். கணவன் வீட்டில் இருந்த நாட்களில் உண்ணவில்லை. மூச்சுத் திணறல் முற்றிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. நற்பேறாக, கணவன் கோபித்தாரேயன்றிக் கைவிடவில்லை. நம்மிடம் வந்து, தன்னை நம்பவில்லையே என்று மட்டும் அழுதார். மறைத்த குற்றம் அப்பெண்ணுடையதன்று. நோயை இழிவென்று கருதும் நம் எல்லோருடையதுமே.

நோயை இழிவென்று கருதுவது ஏன்? முற்பிறப்பின் தீவினை என்று சொல்லுகிறோம். நோயாளியைப் பார்க்கப் போகின்றவரும் அதனையே ஆறுதலாகச் சொல்லிவிட்டு வருகின்றார். இது பகவனின் போதனையன்று. மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர், மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையால் வருவன என்போரைப்பற்றிக் கேட்டபொழுது, பகவன் அதனை மறுத்தருளினார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார். வினைப்பயன் எட்டில் ஒன்றேயன்றி எட்டுமன்று. இக்காலத்தார் ஆய்வும் இவ்வழியதே. 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியிட்ட பேராய்வொன்று, மாரடைப்புகளின் பெரும்பகுதிக்கு ஒன்பது காரணங்களே போதுமெனக் கண்டது. புகையிலை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், உழைப்பின்மை, காய்கனி குறைந்த உணவு முதலியன அவற்றுட் சில. மனக்கவலையும் ஒன்று. இவற்றுள் எதனையும் முற்பிறப்பிற் சென்று தேட வேண்டியதில்லை. காரணம் கண்முன் இருப்பின், நீக்கும் வழியும் கண்முன் உண்டு. இதுவே நால்வகை வாய்மையின் முறை.

இனி, நோயாளிக்குரிய ஐந்து குணங்களைப் பகவன் வகுத்தருளியதை இருதய நோயருக்குப் பொருத்திப் பார்ப்போம். தனக்கு நன்மையானதைச் செய்தல் முதலாவது. பீடி, சிகரெட்டு, புகையிலை ஆகியவற்றை அன்றே விடுதல் இதில் அடங்கும். நன்மையானதிலும் அளவறிதல் இரண்டாவது. நடத்தல் நல்லதென்று அறுவை முடிந்த மறுவாரமே மலையேறுவதும், கீரை நல்லதென்று ஒருநாள் கட்டுக்கட்டாய்த் தின்று மறுவாரம் அறவே ஒழிப்பதும் அளவறியாமை. இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்பவருள் பலருக்குக் கீரை மிகின் அதன் வேகம் குறையும். ஆதலின் என்றும் ஒரே அளவாய் உண்ணல் நலம். மருந்தை ஒழுங்காய் உட்கொள்ளுதல் மூன்றாவது. தன்னைப் பேணுவோரிடம் நோயின் நிலையை உள்ளது உள்ளவாறே சொல்லுதல் நான்காவது. வலியைப் பொறுத்தல் ஐந்தாவது.

இவற்றுள் நான்காவதையே நாம் அழுத்திச் சொல்லுகிறோம். ஐந்தாவதைச் சிலர் பிழைபட உணர்ந்து, மார்பு வலியையும் பொறுத்துக்கொண்டிருப்பதே சீலம் என்று எண்ணுகின்றனர். அது சீலமன்று, அறியாமை. மார்பின் நடுவே இறுக்கமும் பாரமும், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும், குளிர்ந்த வியர்வையும், மூச்சுத் திணறலும் தோன்றினால், வாயு என்று வெந்நீர் குடித்துக்கொண்டு இராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் வலி தெளிவாய்த் தோன்றாமலே மாரடைப்பு வருதல் உண்டு. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையிலும் இருதயத் தசை மடிந்துகொண்டே போகும். பொறுக்க வேண்டியது சிகிச்சைக்குப் பின் வரும் வலியையே.

பேணுவோர்க்கும் ஐந்து குணங்களைப் பகவன் கூறினார். மருந்து அமைத்துத் தர வல்லவராதல், நோயாளிக்கு ஆவதும் ஆகாததும் அறிதல், ஊதியம் கருதாது அன்பினால் பேணுதல், மலம் சளி முதலியவற்றை எடுக்க அருவருப்பின்மை, காலமறிந்து நற்சொல்லால் தேற்றுதல் என்பன அவை. முதல் நான்கும் வீட்டாரிடத்தும் தாதியரிடத்தும் காணப்படலாம். ஐந்தாவதோ அந்நோயைத் தானே கடந்து வந்தவருக்கே நன்கு கைகூடுகின்றது. இதை வைட்ஃபீல்டில் நாம் கண்ணாரக் கண்டோம்.

மருத்துவமனைக்கு வெளியே மரநிழலில் பல மொழி பேசுவோர் அமர்ந்திருந்தனர். நம் சகோதரி நடுங்கிக்கொண்டிருந்தார். அடுத்திருந்த வங்காளத்து மூதாட்டி அவரை நெடுநேரம் பார்த்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மூதாட்டி தம் சேலைத் தலைப்பைச் சற்றே விலக்கி, நெஞ்சின் நடுவே இறங்கும் தழும்பின் நுனியைக் காட்டினார். பின் விரல்களை மடக்கிப் பதினொன்று எண்ணினார். அறுவை நிகழ்ந்து பதினோராண்டுகள் ஆயின என்பது பொருள். அடுத்துத் தம் காதைத் தொட்டு, நாவினால் கடிகாரம் போல் ஓசை செய்து சிரித்தார். நம் சகோதரியும் சிரித்துவிட்டார். உலோக வால்வு மூடித் திறக்கும் ஓசை இரவின் அமைதியில் உடையவருக்குக் கேட்பதுண்டு. எட்டு ஆண்டுகளாக அந்த ஓசையைக் கேட்டு அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தவர் அவர். அது மற்றொருவருக்கும் கேட்கின்றது என்று அன்றுதான் அறிந்தார். அன்றிரவு தம் கணவரை அருகழைத்துக் கேட்கச் செய்தாராம்.

கிசா கோதமி வீடுவீடாகக் கடுகு கேட்டுச் சென்றதை நினையுங்கள். மகவை இழந்தவள் தான் ஒருத்தியே என்று மயங்கியிருந்தாள். சாவு நிகழாத வீட்டில் வாங்கி வா என்றார் பகவன். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு துயரம் எதிர்ப்பட்டது. சாவு பொதுவென்று அவள் தெளிந்தது உபதேசம் கேட்டன்று. துயருற்றாரைத் தானே கண்டு. உடலில் தைத்த அம்பு ஒன்று. அதை எண்ணி மனம் தானே எய்துகொள்ளும் அம்பு மற்றொன்று எனப் பகவன் கூறிய உவமையும் இதற்கே ஆகும். முதல் அம்பை மருத்துவர் பிடுங்குவார். இரண்டாம் அம்பைப் பிடுங்க, அதே புண் ஆறியவரின் கை வேண்டும். மாரடைப்புக்குப் பின் பலர் மனச்சோர்வில் ஆழ்வதையும், அச்சோர்வே மீண்டும் நோய்க்குத் துணையாவதையும் இன்றைய மருத்துவரும் ஒப்புகின்றனர்.

மேனாட்டார் இதனைச் செயலிற் காட்டியுள்ளனர். 1951-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், டாக்டர் டுவைட் ஹார்க்கனிடம் இருதய அறுவை செய்துகொண்டு பிழைத்த நால்வர் ஒன்றுகூடினர். அறுவைக்குக் காத்திருப்போரைக் கட்டிலருகே கண்டு தேற்றுவதைத் தொண்டாகக் கொண்டனர். ‘மெண்டெட் ஹார்ட்ஸ்’, அதாவது செப்பனிட்ட இருதயங்கள் என்னும் அச்சங்கம் இன்றளவும் நடைபெறுகின்றது. நமக்கு இது புதிதாதல் கூடாது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சோழர், பாண்டியர் நாடுகளையும் பெயர் சுட்டிக் கல்லில் பொறித்தவர் அசோகர். நம் இயக்கத்தின் தந்தையாம் அயோத்திதாச பண்டிதர் தாமே சித்த மருத்துவர். அவர் வழியினராகிய நாம் நோயாளிக்குப் பழம் வாங்கிச் சென்று வைத்துவிட்டு, வினைப்பயன் பேசித் திரும்புதல் போதுமோ?

ஆதலின் நம் சங்கத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்க விழைகிறோம். பௌர்ணமிதோறும் வழிபாடு முடிந்தபின் இருதய நோயுற்றோரும் அவர் வீட்டாரும் ஒரு நாழிகை தனியே அமர்க. பழையவர் புதியவர்க்குத் தம் அனுபவத்தைச் சொல்லுக. இருமும்பொழுது தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் தைத்த எலும்பு வலியாது என்பதும், அறுவைக்குப் பின் காரணமின்றி அழுகை வருவதுண்டு, அது நாளடைவில் நீங்கும் என்பதும் பிழைத்தவர் வாயாற் கேட்கும்பொழுதே நெஞ்சிற் பதியும். பரிசோதனை நாளன்று தனித்துச் செல்வோர்க்கு ஒருவர் துணை செல்க. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது. மருத்துவர் சொல்லாமல் எதனையும் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. உடன்நோயாளி துணைவரேயன்றி மருத்துவர் அல்லர்.

நல்லோர் நட்பு அறவாழ்வில் பாதியாகும் என்று ஆனந்தர் சொன்னபொழுது, பாதியன்று, அது முழுமையும் ஆகும் எனத் திருத்தினார் பகவன். அந்நட்பைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நம் சகோதரி சென்ற பௌர்ணமியன்று கழுத்துயர்ந்த ரவிக்கை இன்றி நம் கூட்டத்திற்கு வந்தார். அறுவைக்கு நாள் குறித்திருந்த முதியவர் ஒருவரின் அருகே சென்று அமர்ந்தார். அம்முதியவர் இன்று இல்லம் திரும்பியுள்ளார். இதுவரை தம் நோயை மறைத்திருப்போர் இன்று இக்கூட்டத்திலும் இருக்கலாம். அவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்கமாட்டோம். கூட்டம் கலைந்தபின் நாம் விளக்கருகே அமர்ந்திருப்போம், அச்சகோதரியும் அமர்ந்திருப்பார். வாருங்கள்.

நோயுற்றோர் நலமுறுக! அஞ்சினோர் அச்சம் நீங்குக! எல்லா உயிரும் இன்புறுக!