அர்ச்சகர் நியமனம்: சமயச் செயலா, நிர்வாகச் செயலா?

கோயிலுக்கு அர்ச்சகரை நியமிப்பது வழிபாட்டின் ஓர் அங்கமா, அல்லது எந்த நிறுவனமும் ஆளெடுப்பது போன்ற நிர்வாக வேலையா? தமிழ்நாட்டில் இக்கேள்வி அரை நூற்றாண்டாக நீதிமன்றப் படியேறி வருகிறது. தந்தைக்குப் பின் மகன் என்ற பரம்பரை உரிமையை 1970இல் சட்டப்பேரவை நீக்கியது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. நியமிக்கும் செயல் உலகியல் சார்ந்தது; நியமிக்கப்படுபவரோ கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமம் சொல்லும் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தகுதி எது என்பதில்தான் உண்மையான சிக்கல். உரியவரல்லாதார் மூலவரைத் தீண்டினால் தெய்வ சாந்நித்தியம் குறையும், பிராயச்சித்தம் செய்தாக வேண்டும் என்பது ஆகம மரபினரின் நம்பிக்கை. ஆனால் 'உரியவர்' யார் என்பதில் மரபுகளே வேறுபடுகின்றன. வைணவ ஆகம மரபுகளுள் ஒன்றான பாஞ்சராத்திரத்தில் குருவிடம் பெறும் தீட்சைக்கு முதன்மை உண்டு. மற்றொரு வைணவ மரபினரான வைகானசரோ தாயின் கருவிலிருக்கும்போதே சடங்கால் வைணவராகிவிடுவதால் தனித் தீட்சை வேண்டாம் என்பர். மந்திரம், முத்திரை, நித்திய பூஜையின் ஒழுங்கு ஆகியவற்றைக் கற்கலாம், சோதித்தும் பார்க்கலாம். பிறப்பை அப்படிச் சோதிக்க இயலாது. பக்தியைப் பிறப்புக்குள் அடைப்பது நியாயமும் ஆகாது.

உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பும் ஆகமத் தகுதியை விலக்கவில்லை; சர்ச்சைகளை வழக்குவாரியாகத் தீர்க்கச் சொன்னது. 2021 ஆகஸ்டில், அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் பயிற்சி முடித்த 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டனர். அதை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன.