வேலைக்குப் போகிறவனின் குத்துச்சண்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, வியாசர்பாடியில் பயிற்சி. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது, "நேரம் எப்படிக் கிடைக்குது?" என்றுதான். நேரம் கிடைத்துவிடும். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்தைக் கைப்பேசியிடமிருந்து மட்டுமே பிடுங்கிவிடலாம். கிடைக்காதது பலம். மாலை ஆறரைக்குப் பட்டரவாக்கம் நடைமேடையில் மின்சார ரயிலுக்கு நிற்கும்போது கையில் நேரம் இருக்கும், காலில் வலு இருக்காது. பகல் முழுவதும் நின்றே பார்க்கும் வேலை என்னுடையது. ஆகவே வேலையோடு குத்துச்சண்டை பழகுகிறவன் தினமும் போடவேண்டியது நேரக் கணக்கல்ல. இருக்கிற பலத்தில் முதலாளிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, தனக்கென்று எவ்வளவு என்ற பங்குக் கணக்கு.

அமெச்சூர் போட்டி என்பது மூன்று ரவுண்டு. ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மொத்தம் ஒன்பதே நிமிடம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. இரண்டு கைகளையும் கன்னத்தருகே தூக்கி வைத்துக்கொண்டு, கால் நகர்ந்தபடி மூன்று நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். இரண்டாவது ரவுண்டின் பாதியில் தோள் எரியத் தொடங்கும். மூன்றாவதில் கை தானாகவே இறங்கும். இறங்கிய இடத்தைப் பார்த்து எதிராளியின் குத்து வரும். இந்த ஒன்பது நிமிடத்துக்காகத்தான் மாதக்கணக்கில் ஸ்கிப்பிங், ஷேடோ, பேக், பேட் எல்லாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு வடசென்னையின் கதை தெரியாது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழு குழுவாக இங்கே குத்துச்சண்டை வளர்ந்தது துறைமுகத்தையும் பின்னி மில்லையும் ரயில்வே பட்டறைகளையும் நம்பிப் பிழைத்த குடியிருப்புகளில். 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்திலும் நாயகன் கபிலன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன்தான். இதே சென்னையிலிருந்து போன வி. தேவராஜன் 1994இல் பாங்காக்கில் நடந்த குத்துச்சண்டை உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். உழைத்துக் களைத்த உடம்புகள்தாம் இந்த ஊரில் இந்தக் கலையைக் காப்பாற்றின. பகல் முழுவதும் ஓய்வாக இருப்பவன்தான் குத்துச்சண்டைக்காரன் ஆக முடியும் என்பது பின்னால் வந்த எண்ணம்.

ஆனால் இரண்டு வகை வேலைக்காரர்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரயில்வேயும் ராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களை வேலைக்கு எடுக்கின்றன. அவர்களுக்குப் பயிற்சியும் வேலையின் ஒரு பகுதி. தனியார் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவனுக்கு, துணிக்கடையில் நிற்கிறவனுக்கு, இரவில் காவல் வேலை பார்க்கிறவனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர்கள் யூடியூபில் பார்க்கும் பயிற்சி அட்டவணைகளோ காலையும் மாலையும் பயிற்சி செய்து நடுவில் தூங்குகிறவர்களுக்காகப் போடப்பட்டவை. அதை அப்படியே பின்பற்றப் பார்க்கும் பையன் மூன்று வாரம் தாக்குப்பிடிப்பான், நான்காவது வாரம் வரமாட்டான். வாரத்துக்கு மூன்று நாள், ஆனால் ஆண்டு முழுவதும் என்கிற ஏற்பாடுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சரி. ஓவர்டைம் மாதங்களில் அது இரண்டாகக் குறையட்டும். நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர் உள்ளே வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "நேத்து தூங்குனியாப்பா?" என்றுதான். சரியாகத் தூங்கவில்லை என்றால் அன்று ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, கிடையாது. கயிறு ஆடலாம், கண்ணாடி முன்னால் நின்று ஜாப் குத்தைத் திருத்தலாம், பேக்கில் மெதுவாகக் கால்வைப்பு பழகலாம். ஆள்மேல் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. தூக்கம் குறைந்தால் கண் பார்ப்பதற்கும் உடம்பு நகர்வதற்கும் இடையில் தாமதம் கூடும். பேக் திருப்பி அடிக்காது, மனிதன் அடிப்பான். களைத்தவன் குத்து வாங்குவது மட்டுமல்ல, அளவு தெரியாமல் குத்தவும் செய்வான். எதிரே நிற்பவன் பதினெட்டு வயதுக் கல்லூரிப் பையனாக இருப்பான், அல்லது என்னைப் போலவே மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகவேண்டியவனாக இருப்பான். அந்தத் தலைக்கும் நான் பொறுப்பு. போட்டியில் தலையில் அடிவாங்கி நாக் அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் பயிற்சிச் சண்டைக்குக்கூட விடக்கூடாது என்று விதி இருப்பது சும்மா அல்ல.

கையைப் பற்றியும் இதே கவலை உண்டு. நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரோமீட்டரைப் பிடித்துத் திருக வேண்டிய விரல் வீங்கினால் அன்றைய பிழைப்பு பாதிக்கும். குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் பிலடெல்பியாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெருவிரல் எலும்பு முறிந்த கையோடு ஆடித் தங்கம் வென்றார். பிறகு ஊருக்குத் திரும்பியதும் அதே கையால் வேலைக்குப் போக முடியாமல் குடும்பத்தோடு கஷ்டப்பட்டார். ஒலிம்பிக் தங்கத்துக்காக அவர் அதைச் செய்தார். மாவட்டப் போட்டிகூட ஆடியிராத நாம், கைக்குப் பட்டை சுற்றும் ஐந்து நிமிடத்தைச் சோம்பலில் மிச்சம் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எடை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டி நாள் காலையில் எடை பார்ப்பார்கள். அதற்காக முந்தைய நாட்களில் தண்ணீர் குடிக்காமல், வியர்க்க வியர்க்க ஓடி இரண்டு மூன்று கிலோ இறக்குகிற பழக்கம் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றிய நிலையில் குத்து வாங்குவது ஆபத்து. அதோடு மெஷின் முன்னாலும் போய் நிற்பது இன்னும் ஆபத்து. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எந்த எடையில் இயல்பாக நிற்கிறோமோ அந்தப் பிரிவில் ஆடுவதுதான் உழைக்கிறவனுக்கு அழகு.

இனி வீடு. நான் பயிற்சியில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டில் யாரோ ஒருவர் ஈடு கொடுக்கிறார். குழந்தையைப் பாடம் படிக்கவைப்பது, தண்ணீர் பிடிப்பது, மாமியாரை மருந்து சாப்பிடவைப்பது எல்லாமே மனைவியின் பலத்திலிருந்து போகிறது. எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வருகிறார். காலையில் சமைத்துவைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் இங்கே வந்து, திரும்பவும் போய்ச் சமைக்கிறார். அவருடைய மூன்றாவது ரவுண்டையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலில் சேர்க்கப்பட்டது. அங்கே வெண்கலம் வென்ற மேரி கோம் அப்போது இரண்டு குழந்தைகளின் தாய். ஞாயிற்றுக்கிழமை சமையலும் துணி துவைப்பதும் என் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் ஆண்கள் இதைத் தொடரக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

பதக்கம் வராது என்று தெரிந்தும் ஏன் இத்தனை பாடு? சீனியர் பிரிவின் வயது வரம்பு 40. நான் அதற்கு அருகில் வந்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு பள்ளிக்கூடப் பையன் என் பக்கத்தில் வந்து, "அண்ணா, வலது கை இறங்குது பாருங்க" என்று திருத்தும்போது, கையைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பிக்கிறேன். கம்பெனியில் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, தெரிந்ததைச் செய்தால் போதும் என்கிறார்கள். இங்கே என்னிடம் இன்னும் எதிர்பார்க்கிறார்கள். அதற்காக என் பலத்தில் ஒரு பங்கைத் தருவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பயிற்சிக்கூடம் நடத்துகிறவர்களிடமும் போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாலை ஐந்து மணி பேட்ச் பள்ளிப் பிள்ளைகளுக்கு. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஏழரைக்கு மேல் ஒரு பேட்ச் வையுங்கள். போட்டி பல நாள் நடக்கும்போது, ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொரு நாளும் லீவு கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது. முடிந்த இடங்களில் தொடக்கச் சுற்றுகளையாவது சனி, ஞாயிறுக்கு மாற்றுங்கள். ஆட்கள் வருவார்கள்.