எல்லையும் தடையும்: ஸ்மார்ட்போன் நல்ல விளையாட்டுக் கருவியாகுமா?

ஒரே பணிக்கென்று செய்த கருவியே அந்தப் பணியை மிக நன்றாகச் செய்யும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. ‘அரசியல்’ நூலின் தொடக்கத்தில் அவர் டெல்ஃபி கத்தியைச் சுட்டுகிறார். பல வேலைகளுக்கும் உதவும்படி செய்யப்பட்ட கத்தி அது. இயற்கை அப்படிச் சிக்கனம் பார்த்து எதையும் படைப்பதில்லை என்கிறார். ஸ்மார்ட்போன் கையடக்க விளையாட்டுக் கருவியாக வெற்றி பெறுமா என்ற கேள்விக்கு இந்தக் கருத்தே உரைகல்.

1989-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் கேம் பாய் விளையாட்டுக்கென்றே உருவானது. அதன் பொத்தான்களைப் பார்க்காமலே விரல்கள் இயக்கும். 2003-இல் நோக்கியாவின் என்-கேஜ் தொலைபேசியையும் விளையாட்டுக் கருவியையும் ஒன்றாக்க முயன்றது. பேசுவதற்கு அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டியிருந்தது. விளையாட்டு அட்டையை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தது. டெல்ஃபி கத்தியின் குறை அதில் அப்படியே தெரிந்தது.

ஆனால் தொடுதிரை அந்த வாதத்தை ஓரளவு தளர்த்திவிட்டது. கத்தியின் வடிவம் மாறாது. திரையோ ஒவ்வொரு செயலிக்கும் புது வடிவம் கொள்கிறது. 2009-இல் வந்த ஆங்ரி பேர்ட்ஸில் கவணை விரலால் இழுத்து விடுவது திரைக்கே இயல்பான செயல். வேகமும் துல்லியமும் வேண்டும் விளையாட்டுகளில் மட்டும் பொத்தான் இல்லாத குறை இன்னும் நீடிக்கிறது. விரலே காட்சியை மறைத்துவிடுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் விளையாட்டின் இயல்பைச் சார்ந்தது. டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹய்சிங்கா 1938-இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகித் தனக்கென்று ஒரு காலமும் இடமும் வகுத்துக்கொள்வது என்றார். ஸ்மார்ட்போனிலோ அலுவலகமும் வங்கியும் உறவினர்களும் அதே திரையில் காத்திருக்கிறார்கள். ஓர் அறிவிப்பு ஒலித்தாலே அந்த எல்லை உடைந்துவிடுகிறது.

மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் இன்னொரு அளவுகோலைத் தந்தார்: தேவையில்லாத தடைகளைத் தானாக விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு. பல இலவச விளையாட்டுகளின் வணிகம் இதற்கு நேர்மாறானது. 2012-இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் உயிர்கள் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். தடையைத் தாண்டும் முயற்சியே விளையாட்டு என்றால், தடையை விலைக்கு நீக்குவது விளையாட்டையே குறைப்பதாகும். அந்தக் காத்திருப்பும் விளையாடுபவர் விரும்பி ஏற்ற தடையல்ல. காசு பெறுவதற்காக வைக்கப்பட்டது.

ஆகவே வருவாயும் பயனர் எண்ணிக்கையும் இந்தக் கேள்விக்கு முழு விடை ஆகா. அவற்றில் ஸ்மார்ட்போன் எப்போதோ வென்றுவிட்டது. விளையாட்டுக் கருவியாக அது வெல்வது, தொடுதிரைக்குப் பொருந்திய விளையாட்டை, தடைகளை விலைபேசாமல், குறுக்கீடின்றி ஆட இடம் தரும்போதுதான். அறிவிப்புகளை நிறுத்திவிட்டு அதில் ஆடும் சதுரங்கம் முழுமையான விளையாட்டே. தடைகளின் நேர்மையை வடிவமைப்பாளரும், நேரத்தின் எல்லையை விளையாடுபவரும் காக்க வேண்டும்; இந்த இரண்டையும் கருவி தானாகத் தந்துவிடாது.