சூடு

எனக்குக் கோபமே வராது என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் அதை ஒரு நற்சாட்சிப் பத்திரம்போல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன்தான். ஒரு பழைய லாரி அதைப் பிடுங்கிக்கொண்டது.

1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த ஆவடியில், ராணுவம் கழித்துவிட்ட சக்திமான் லாரி ஒன்று தண்ணீர் வண்டியாகப் பிழைத்து வந்தது. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான ஜாதி அது. கதைக்கு விஷயம் தேடி நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, கொதித்தபடி வந்து நின்றது. "திறடா சீக்கிரம்!" என்றார் வண்டிக்காரர். பையன் ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மூடியின் அழுத்தத்தில்தான் நூறு டிகிரி தாண்டியும் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மூடி அகன்றால் சீறிவிடும். பையனின் முன்கை வெந்துபோயிற்று. "பார்த்துத் திறக்கத் தெரியாதா?" என்று அவனையே திட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த காப்பி என் கையில் இருந்தது.

மறுவாரம் மேஸ்திரி எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருந்தன. அதைச் சுத்தம் செய்யாமல் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எஞ்சின் ஏறக்குறைய எண்பது டிகிரிக்குச் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து நிற்கும் சிறு வால்வு அது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது பலருடைய சித்தாந்தம்.

"சூடு ஏறலைன்னாலும் சீக்குதான் சார். டீசல் முழுசா எரியாது, ஆயிலைக் கெடுக்கும், சிலிண்டர் தேஞ்சுடும். கொதிச்சா ஊருக்கே தெரியும். இது சத்தமில்லாம தேயும்."

வெகுளாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். அது என் தரப்புச் சாட்சி என்றே இதுவரை எண்ணியிருந்தேன். கோபத்தை ஆள்கிறவனும் கோபமே ஏறாதவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள். அன்று நான் எதை அடக்கினேன்? அடக்குவதற்கு உள்ளே ஏதாவது எழுந்ததா? வண்டிக்காரர் முகம் சுளிப்பாரே என்ற கூச்சம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மேஸ்திரி புது வால்வை நூலில் கட்டிக் கொதிநீரில் தொங்கவிடச் சொன்னார். மாட்டுமுன் சோதிப்பது அப்படித்தானாம். வலக்கையில் கட்டோடு பையன் இடக்கையால் நூலைப் பிடித்து, பாத்திரத்துக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெறக்குதுண்ணே," என்றான்.