செய்தியும் நாணமும்

செய்தி ஒன்று காதில் விழுந்தவுடன் நம்மவர் கேட்பது, "யார் சொன்னது?" என்பதே. சொன்னவர் இன்னார் என்று தெரிந்தால் செய்தியின் எடையும் தெரிந்துவிடும். நாளிதழ்த் தொழில் நெடுங்காலமாக இவ்விரு சொற்களை நம்பியே நடந்து வந்திருக்கிறது.

வட சிலாங்கூரில், பேராக் எல்லைக்கு அருகே உள்ள கலும்பாங் போன்ற ஊர்களின் பழைய ரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பார்ப்போம். லயத்து மக்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. அவருள் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்தமர்ந்து கேட்பர். படிப்பவர் சில வேளைகளில் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம்; மனித இயல்புதானே! ஆயினும் தாள் அவர் கையில் இருந்தது. தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோ கிராணியோ அதை வாங்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மறுநாள் அதே மக்களின் முகத்தில் அவர் விழித்தாக வேண்டும். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பழிக்கு நாணுகிறவன் சொல்லையே உலகம் நம்பும் என்பதற்கு அந்த லயத்து வாசலே சான்று.

1924-இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இத்தகைய நம்பிக்கையால் வளர்ந்தவை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 1950-களில் தமிழ் முரசு 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, உழைத்துண்ணும் எளிய மக்களும் பொருள் கொடுத்தனர். அவருள் எத்தனை பேர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிருப்பர்? ஏட்டின் பெயரை நம்பிக் கொடுத்தனர், அவ்வளவே.

இன்று செயற்கை நுண்ணறிவு செய்தி எழுதுகிறது. அது எந்த நிகழ்ச்சியையும் நேரில் கண்டதன்று. மலைபோல் குவிந்த எழுத்துகளைக் கற்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கோக்கிறது. ஆதலின் மெய்யும் பொய்யும் ஒரே சரளத்துடன் அதனிடமிருந்து பிறக்கின்றன. பொய்யுரைக்கும் எண்ணம் அதற்கு இல்லை. உண்மையுரைக்கும் எண்ணமும் இல்லை. அவ்வாறாயின் குற்றம் யாருடையது?

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழோடு வந்த கோடைக்கால இணைப்பு, படிக்கத்தக்க நூல்கள் என்று பதினைந்தைப் பரிந்துரைத்தது. அவற்றுள் பத்து நூல்கள் உலகில் இல்லாதவை! மெய்யான எழுத்தாளர்களின் பெயரில் எழுதப்படாத கதைகள். அந்த இணைப்பு நாளிதழின் சொந்தச் செய்தியறையில் உருவானதன்று. வெளி நிறுவனத்திடமிருந்து வாங்கப்பெற்றது. அதற்காக எழுதியவர் செயற்கை நுண்ணறிவின் விடையைச் சரிபாராமல் கொடுத்துவிட்டார். இவ்விவரமெல்லாம் வாசகருக்கு எதற்கு? முகப்பில் இருந்த பெயர் சன்-டைம்ஸ், பழியும் அப்பெயருக்கே. அதற்கு இரு திங்கள் முன்புதான் அந்நிறுவனத்தின் பணியாளருள் ஐந்தில் ஒரு பங்கினர் ஊக்கத்தொகை பெற்று விலகியிருந்தனர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். சரிபார்க்கும் கண்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாத வீட்டில்தான் இத்தகைய விருந்தாளி எளிதில் நுழைகிறான்.

சம்பளம் ஏன் இல்லை? விற்பனையும் விளம்பரமும் ஏட்டின் இரு கால்கள். கூகுள் 2024 முதல் அமெரிக்காவில் தேடலின் தலைப்பிலேயே இயந்திரச் சுருக்கத்தைத் தரத் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரப்பியது. சுருக்கத்தோடு மனநிறைவடைகிறவர் ஏட்டின் பக்கத்திற்கு வருவதில்லை, விளம்பரத்தைக் காண்பதுமில்லை. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓப்பன் ஏஐ, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அசோசியேட்டட் பிரஸ் அதே ஆண்டில் ஓப்பன் ஏஐயுடன் உடன்பாடு செய்துகொண்டது. வழக்காடவோ பேரம் பேசவோ வலிமையுள்ளோர் செயல்கள் இவை. நம் தமிழ் ஏடுகளுக்கு அவ்வலிமை ஏது? ஆயினும் எல்லாவற்றையும் இயந்திரத்தின் தலையில் சுமத்துவது முறையன்று. தமிழ் நேசன் 2019-இன் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்போது இந்த எழுதும் இயந்திரங்கள் மக்களிடம் வந்திருக்கவில்லை.

சிலர் கேட்கலாம்: ஆள் குறைந்த ஏடு, மலாய்ச் செய்தியைத் தமிழாக்க இயந்திரத்தின் துணையை நாடினால் தவறா? தவறில்லை என்பதே என் கருத்து. தமிழறிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, "இது என் பொறுப்பு" என்று பெயரிட வேண்டும், அவ்வளவே. பெயரிட அஞ்சுகிற செய்தியை அச்சிடுவானேன்?

மற்றொன்றும் உண்டு. தோட்டத்துப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழாக் கணக்கைப் பற்றிய பூசல், முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவரின் மறைவு ஆகியவை பற்றி, ஒருவர் நேரில் சென்று கேட்டு எழுதும் வரையில் உலகில் எழுத்தே இல்லை. எழுத்தில்லாத இடத்தில் இயந்திரத்திற்கு இரையும் இல்லை. அந்த ஒருவர் தலைநகரிலிருந்து கலும்பாங் வரை சென்று வரப் பயணச் செலவு ஆகும். ஒரு நாள் ஊதியமும் ஆகும். நம் பள்ளிகளிலும் இல்லங்களிலும் எத்தனை பேர் இன்று தமிழ் நாளிதழைக் காசு கொடுத்து வாங்குகிறோம்?